மலையில் இருந்துகொண்டு ஆன்லைனில் பிரிட்ஜ்: எந்தத் தளம் யாருக்கு?

கோத்தகிரியில் இருட்டிய பிறகு சீட்டாடிவிட்டு வீட்டுக்கு நடப்பது லேசான காரியம் இல்லை. எந்தத் தேயிலைச் செடிக்குப் பின்னால் கரடி நிற்கும், எந்த வளைவில் காட்டெருமை படுத்திருக்கும் என்று தெரியாது. எங்கள் நாலு பேர் கூட்டம் வியாழக்கிழமை மாலைகளில் அரவேணு பக்கம் ஒரு வீட்டில் கூடும். ஒருவர் வெலிங்டனில் இருந்து வர வேண்டும், இன்னொருவர் குன்னூரில் இருந்து. மழைக்காலத்தில் ரோட்டில் ஒரு மரம் விழுந்தால் ஆள் குறையும். மூன்று பேரை வைத்துக்கொண்டு பிரிட்ஜ் ஆட முடியாது. 2020இல் ஊரடங்கு வந்ததும் அந்த வியாழக்கிழமையும் போயிற்று. அப்போதுதான் ஆன்லைனுக்கு வந்தோம்.

வந்து, தப்பான தளத்தில் நாலு மாதம் ஆடினோம். தளத்தின் மேல் குற்றம் இல்லை. படங்களையும் வசதிப் பட்டியலையும் பார்த்து நான்தான் அதைத் தேர்ந்தெடுத்தேன். யாரோடு ஆடப் போகிறோம், எங்கள் வீட்டு நெட் எதைத் தாங்கும், எங்கள் ஏல முறை என்ன என்ற மூன்றையும் கேட்கவே இல்லை. நீங்கள் அந்த மூன்றில் இருந்து தொடங்குங்கள். தளத்தின் பெயர் கடைசியில் தானாக வந்து நிற்கும்.

பிரிட்ஜ் புதிது என்பவர்களுக்கு நாலு வரி. 52 சீட்டு, ஆளுக்கு 13, எதிரெதிரே உட்காரும் இருவர் ஒரு அணி. 28, 304 போன்ற சீட்டாட்டங்கள் ஆடியவர்களுக்குத் துருப்பு, பிடி (நாலு பேரும் ஆளுக்கொரு சீட்டு இறக்கும் ஒரு சுற்று), எத்தனை பிடி எடுப்போம் என்று ஏலம் கேட்பது எல்லாம் பழகிய சமாச்சாரம்தான். வித்தியாசம் என்னவென்றால், ஏலம் முடிந்து முதல் சீட்டு இறங்கியதும் ஏலத்தில் வென்றவரின் ஜோடி தன் 13 சீட்டையும் எல்லோரும் பார்க்கும்படி விரித்து வைத்துவிடுவார். அவர் பெயர் டம்மி. இன்று நாம் ஆடும் காண்ட்ராக்ட் பிரிட்ஜின் கணக்கு முறையை 1925இல் ஒரு கப்பல் பயணத்தில் வாண்டர்பில்ட் என்ற அமெரிக்கர் வகுத்தார். கப்பலில் மாட்டிக்கொண்டவர்கள் வளர்த்த ஆட்டம், மூடுபனியில் மாட்டிக்கொண்டவர்களுக்குப் பொருந்துவதில் வியப்பில்லை.

முதலில்: யாரோடு?

ஒரு தாளை எடுத்து, வரும் மூன்று மாதத்தில் நீங்கள் உண்மையாகவே யாரோடு ஆடுவீர்கள் என்று எழுதுங்கள். ஆசைப்படுகிறவர்களின் பெயர் வேண்டாம், வருவார்கள் என்று தெரிந்தவர்களின் பெயர் போதும்.

நாலு பேரும் தெரிந்தவர்கள், வாரத்தில் ஒரு நாள், அரட்டையும் வேண்டும் என்றால் அது ஒரு வகை. ஜோடி மட்டும் இருக்கிறார், எதிரணி கிடைத்தால் சரி என்பது இன்னொரு வகை. யாரும் இல்லை, இரவு சாப்பாட்டுக்குப் பிறகு அரை மணி நேரம் தனியாக ஆட வேண்டும் என்பது மூன்றாவது. ஒரு கிளப்பிலோ ஆசிரியரிடமோ சேர்ந்து ஒழுங்காகப் போட்டி ஆட வேண்டும் என்பது நாலாவது.

நாலாவது வகைக்காரர் தேர்வு செய்ய ஒன்றுமே இல்லை. உங்கள் கிளப் எந்தத் தளத்தில் நடத்துகிறதோ அங்கே போய்ச் சேருங்கள். போட்டி ஆட ஆசை என்றால் உங்கள் பகுதிச் சங்கத்திடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். மற்ற மூன்று வகைக்காரர்களும் மேலே படிக்கலாம்.

அடுத்து: வீட்டு நெட்டைச் சோதித்தல்

சமவெளியில் எழுதப்படும் வழிகாட்டிகளில் இந்தப் பகுதி இருக்காது. இங்கே பாதி முடிவு இதில்தான்.

வேகம் எவ்வளவு என்பது பிரிட்ஜுக்கு முக்கியமே இல்லை. ஒரு ஏலமும் ஒரு சீட்டும் அனுப்புவதற்குக் குறுஞ்செய்தி அளவு டேட்டா போதும். முக்கியம், இணைப்பு அறுபடாமல் இருப்பது. ஒரு விநாடிக்கு 100 எம்பி காட்டிவிட்டுப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அறுந்துபோகும் இணைப்பைவிட, நாள் முழுக்க 2 எம்பியில் நகரும் இணைப்பு நல்லது. என் வீட்டுக்கு இணைப்புக் கொடுத்த நிறுவனம் வேகத்தைப் பற்றி மணிக்கணக்காகப் பேசியது. ஐப்பசி மழையில் கேபிள் மேல் சில்வர் ஓக் கிளை விழுந்தால் எத்தனை நாளில் வருவார்கள் என்று கேட்டதும் பேச்சு மாறிவிட்டது. ஒன்பது நாள் ஆயிற்று.

சோதிக்கும் முறை எளிது. நீங்கள் ஆடப்போகும் அதே நேரத்தில், ஆடப்போகும் அதே நாற்காலியில் உட்கார்ந்து வெளியூரில் இருக்கும் யாரையாவது வாட்ஸ்அப் வீடியோவில் அழைத்து ஒரு மணி நேரம் விட்டுவையுங்கள். எத்தனை முறை உறைந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். இதை வெயில் நாளில் ஒன்று, மழை நாளில் ஒன்று என்று செய்ய வேண்டும். இடமும் முக்கியம். எங்கள் வீட்டில் சமையலறை ஜன்னல் ஓரத்தில் நாலு கோடு சிக்னல் வரும், ஹாலில் ஒன்று. மலைச்சரிவு எந்தப் பக்கம் டவரை மறைக்கிறது என்பதைப் பொறுத்தது அது.

மழை நாளிலும் வீடியோ ஓடினால் எந்தத் தளமும் உங்களுக்கு ஆகும். குரல் மட்டும் ஓடினால் முகம் பார்த்து ஆடும் தளங்களை விட்டுவிடுங்கள். இரண்டும் திக்கினால் பாதியில் நிறுத்திவிட்டு வந்து தொடர வைக்கும் தளம் வேண்டும். மொபைல் டேட்டாவை நம்பியிருப்பவர்கள் கணக்கையும் பாருங்கள்: நாளுக்கு ஒன்றரை ஜிபி பேக்கில் மூன்று மணி நேர வீடியோ ஆட்டம் தாங்குவது கஷ்டம். வெறும் சீட்டு நகர்த்தும் ஆட்டத்துக்கு அந்தப் பேக் தாராளம்.

கரண்ட் போனால் மோடம் அணையும். அது அணைந்தால் உங்கள் ஜோடி நடுக்கடலில் நிற்பார். மோடத்துக்கென்றே சின்ன 12 வோல்ட் யுபிஎஸ் கடையில் கிடைக்கிறது. இரண்டு மூன்று மணி நேரம் தாங்கும். வாங்கும் முன் மோடத்தின் அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட்டையும் ஆம்பியரையும் பார்த்துக்கொள்ளுங்கள். பிரிட்ஜுக்காக நான் செய்த செலவில் உருப்படியானது இதுதான்.

மூன்றாவது: உங்கள் ஏல முறை

எங்களை நாலு மாதம் அலைக்கழித்ததில் இந்த விஷயத்துக்கும் பங்கு உண்டு. பிரிட்ஜில் ஏலம் என்பது கையின் பலத்தை ஜோடிக்குச் சொல்லும் பாஷையும்தான்.

மலையில் ஆடும் பழைய ஆட்கள் பலர் ஆங்கிலேயர் வழி வந்த ஏகால் முறையில் பழகியவர்கள். அதில் நோ ட்ரம்ப் ஒன்று (துருப்பு இல்லாமல் ஆறுக்கு மேல் ஒரு பிடி, அதாவது ஏழு எடுப்பேன்) என்று கேட்டால் கையில் 12 முதல் 14 புள்ளி என்று அர்த்தம். ஏஸுக்கு 4, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2, ஜாக்கிக்கு 1 என்ற கணக்கு. அமெரிக்க முறைகளில் அதே ஏலத்துக்கு 15 முதல் 17 என்று அர்த்தம். மனிதர்கள் நாலு பேரும் ஒரே முறையில் ஆடினால் தொல்லை இல்லை. ஒருவர் வராத நாளில் அவர் இடத்தில் கம்ப்யூட்டரை உட்கார வைத்தால்தான் வினை.

என் கையில் 13 புள்ளி. வழக்கம்போல நோ ட்ரம்ப் ஒன்று கேட்டேன். எதிரே உட்கார்ந்திருந்த ரோபோ கையில் 10. அது தன் படிப்புப்படி எனக்குக் குறைந்தது 15 இருக்கும், மொத்தம் 25 ஆகிவிட்டது என்று கணக்குப் போட்டு நேரே மூன்று நோ ட்ரம்புக்குத் தாவியது. ஒன்பது பிடி எடுக்க வேண்டிய ஆட்டம். இருவர் கையும் சேர்த்து 23. இரண்டு பிடி குறைந்தது. ரோபோ ஒன்றும் தப்புச் செய்யவில்லை. அதற்கு என் பாஷை தெரியாது, அவ்வளவுதான்.

ஆகவே தேர்வு செய்யும் முன் ஒரு கேள்வி: நீங்கள் கம்ப்யூட்டரோடு ஆடுவீர்களா? ஆடுவீர்கள் என்றால் அது உங்கள் முறையைப் பேசுமா? பிரிட்ஜ் பேஸ் ஆன்லைன் தளத்தின் ரோபோக்கள் அமெரிக்க டூ ஓவர் ஒன் முறையில்தான் கேட்கும். அதை மாற்ற முடியாது, நீங்கள்தான் மாற வேண்டும். ஃபன்பிரிட்ஜில் ஏகால் உள்பட சில முறைகளில் ஒன்றை நீங்களே தேர்ந்தெடுக்கலாம், கம்ப்யூட்டர் அதற்கு ஏற்ப ஆடும். எழுபது வயதில் புது ஏல முறை கற்க மாட்டேன் என்று அடம் பிடிக்கும் எங்கள் வெலிங்டன் அண்ணாவுக்கு இந்த ஒரு காரணமே போதுமாக இருந்தது.

இப்போது தளங்கள்

பிரிட்ஜ் பேஸ் ஆன்லைன், சுருக்கமாக பிபிஓ. ஃப்ரெட் கிட்டல்மன் என்ற கனடா ஆட்டக்காரர் தொடங்கியது. உலகத்தில் எந்த நேரம் நுழைந்தாலும் ஆள் இருக்கும் இடம். பிரவுசரிலும் ஓடும், போனிலும் ஓடும். கணக்குத் திறப்பதும், நாலு மனிதர்கள் மேசை போட்டு ஆடுவதும் இலவசம். ரோபோக்களை வாடகைக்கு எடுக்கவும் சில போட்டிகளில் சேரவும் காசு. பெரிய போட்டிகளை நேரலையில் உட்கார்ந்து பார்க்கலாம், அதற்கும் காசில்லை. பிரிட்ஜ் மாஸ்டர் என்ற பயிற்சிப் புதிர்களும் அங்கேயே இருக்கின்றன. சீட்டு ஆடத் தெரியும், ஆனால் யோசித்து ஆடத் தெரியாது என்பவர்கள் முதல் மாதம் அதில் உட்கார்ந்தால் போதும்.

குறை என்ன? திறமை அளவை அவரவரே எழுதிக்கொள்வது. எக்ஸ்பர்ட் என்று போட்டிருப்பவர் துருப்பை எண்ணாமல் ஆடுவதைப் பார்த்திருக்கிறேன். முன்பின் தெரியாதவர்களோடு உட்கார்ந்தால் இரண்டு ஆட்டம் தோற்றதும் சொல்லாமல் கொள்ளாமல் எழுந்து போய்விடுவார்கள். ஜோடி இருந்து எதிரணி தேடுபவர்களுக்கு, இந்தக் குறையோடும் சேர்த்து, இதைவிட வசதியான இடம் எனக்குத் தெரியவில்லை.

ரியல்பிரிட்ஜ் 2020இல் இங்கிலாந்தில் பிறந்தது. மேசையில் நாலு பேரின் முகமும் தெரியும், குரலும் கேட்கும். எதையும் இறக்க வேண்டாம், அனுப்பிய இணைப்பைத் தொட்டுப் பெயர் எழுதினால் போதும். வயதானவர்களுக்கு இது பெரிய வசதி. ஆனால் இது கிளப்பும் ஆசிரியரும் நடத்துவதற்காகக் கட்டிய தளம். நடத்துபவர் ஒருவர் வேண்டும், ஆட்டத்துக்கு இவ்வளவு என்று கட்டணம் உண்டு. வீடியோ தாங்கும் நெட்டும் வேண்டும். நாங்கள் நாலு மாதம் கஷ்டப்பட்டது இப்படி முகம் பார்க்கும் ஒரு தளத்தில்தான். மார்கழியில் குன்னூர் அக்காவின் முகம் பாதிச் சிரிப்பில் உறைந்து நிற்கும், குரல் மட்டும் அடுத்த ஆட்டத்தில் வந்து சேரும்.

ஃபன்பிரிட்ஜ் பிரான்ஸில் இருந்து வருவது. மேசையில் உங்களைத் தவிர மற்ற மூன்று இடத்திலும் ஆர்ஜின் என்ற கம்ப்யூட்டர் உட்காரும். நீங்கள் ஆடிய அதே சீட்டை மற்ற மனிதர்களும் ஆடியிருப்பார்கள், அவர்களோடு உங்கள் கணக்கை ஒப்பிடும். நடுவில் கரண்ட் போனால் யாரும் காத்திருக்க மாட்டார்கள், நாளைக்கு வந்து அதே இடத்தில் தொடரலாம். கொஞ்சம் ஆட்டம் இலவசம், பிறகு சந்தா. தனியாக ஆடுபவர்களுக்கும், நெட் திக்கும் வீடுகளுக்கும் என் முதல் சிபாரிசு இது. மனிதர்களின் சத்தம் இருக்காது என்பதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

ட்ரிக்ஸ்டர் கார்ட்ஸ் என்று ஒன்று உண்டு. பேரப்பிள்ளைகளோடு விளையாட்டாக ஆட நல்லது. போட்டி ஆட்டக்காரர்களுக்கு சீக்கிரம் அலுக்கும்.

ஒரு வார ஒத்திகை

பெயரை முடிவு செய்ததும் காசு கட்டிவிடாதீர்கள். ஒரு வாரம் இலவசமாகக் கிடைப்பதை மட்டும் வைத்து ஆடுங்கள். பிபிஓ என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன்.

முதல் நாள் கணக்குத் திறந்து, திறமை அளவை ஒரு படி குறைத்தே எழுதுங்கள். பட்டன்கள் ஆங்கிலத்தில்தான் இருக்கும். நாலு பேரில் யாருக்காவது அது தடை என்றால் பக்கத்தில் பிள்ளைகளை உட்கார வைத்து முதல் நாள் மட்டும் ஓட்டிவிடலாம்.

அப்புறம் செட்டிங்ஸ். சீட்டின் நாலு ஜாதிக்கும் நாலு நிறம் காட்டும் வசதியைப் போடுங்கள். சின்னத் திரையில் இஸ்பேடும் கிளாவரும் ஒன்றுபோலத் தெரிந்து ஆட்டத்தைக் கெடுக்கும். ஏலத்தையும் சீட்டையும் இரண்டாவது முறை தொட்டு உறுதி செய்யும் வசதியையும் போடுங்கள். தை மாதக் குளிரில் விறைத்த விரலோடு ஆடிப் பார்த்தால் அதன் அருமை தெரியும். ராஜாவைத் தொடப் போய் ராணி விழுந்தால், தள்ளிப்போன பிடியை யார் தருவார்கள்? முடிந்தால் போனை விட்டு டேப்லெட்டுக்கு மாறுங்கள்.

இரண்டாம் நாள், புதிய மேசை தொடங்கி உங்கள் மூன்று பேரை அழையுங்கள். மேசை தொடங்குபவர் நாலு விஷயம் முடிவு செய்ய வேண்டும்: அனுமதி கேட்காமல் வெளியாள் உட்காரலாமா, வேடிக்கை பார்க்கலாமா, போட்ட சீட்டைத் திரும்ப எடுக்கலாமா, எந்தக் கணக்கு முறை. முதல் இரண்டுக்கும் கூடாது என்று வையுங்கள். மூன்றாவதற்குப் பழகும் வரை சரி என்று வையுங்கள்.

கணக்கு முறையில் புதியவர்கள் குழம்புவார்கள். ஐம்ப், மேட்ச்பாயிண்ட் இரண்டுமே, அதே சீட்டுகளை ஆடிய மற்ற மேசைகளோடு உங்கள் புள்ளியை ஒப்பிடும் முறைகள். ஐம்ப் கணக்கில் பெரிய வித்தியாசங்கள்தான் எடை போடும். காண்ட்ராக்ட்டுக்கு (ஏலத்தில் ஒப்புக்கொண்ட பிடிகளுக்கு) மேல் ஒரு பிடி கூடுதலாக எடுத்தால் கிடைக்கும் 30 புள்ளிக்கு ஒரே ஒரு ஐம்ப்தான். எத்தனை பேரை முந்தினீர்கள் என்று மட்டும் பார்க்கும் மேட்ச்பாயிண்ட் கணக்கில் அதே 30 உங்களை எல்லோருக்கும் மேலே கொண்டுபோய் வைக்கலாம். வீட்டு ஆட்டம் ஆடிப் பழகியவர்கள் ஐம்ப்பில் தொடங்குவது நல்லது. காண்ட்ராக்ட்டைப் பத்திரமாக முடிக்கும் புத்தி அதில் வளரும்.

மூன்றாம் நாள் ஒரு புதுப் பழக்கம். நேரில் ஆடும்போது ஜோடி ஏலத்தில் வழக்கத்துக்கு மாறாக ஏதாவது கேட்டால் எதிரணியை எச்சரிப்பது நம் வேலை. ஆன்லைனில் கேட்டவரே எச்சரிக்க வேண்டும், அர்த்தத்தையும் அவரே எழுத வேண்டும். அது எதிரணிக்கு மட்டும் தெரியும், ஜோடிக்குத் தெரியாது. நேரில் ஆடுவதைவிட இதுதான் நியாயமான முறை என்று நினைக்கிறேன். என் ஏலத்தை என் ஜோடி தப்பாகப் புரிந்துகொண்டால் அவர் வாயால் அது எனக்குத் தெரிய வராது.

மீதி நாட்களில் வெறுமனே ஆடுங்கள். தளம் ஆட்டங்களைச் சேமித்து வைக்கும். மறுநாள் காலை டீயோடு எடுத்துப் பார்த்தால் எந்த இடத்தில் கோட்டை விட்டோம் என்று தெரியும். வார முடிவில் மூன்று பேரிடமும் ஒரே கேள்வி கேளுங்கள்: அடுத்த வாரமும் இதிலேயே வருவீர்களா? ஒருவர் தயங்கினாலும் காரணத்தைக் கேட்டுச் சரிசெய்துவிட்டுத்தான் சந்தா கட்ட வேண்டும்.

காசும் கள்ளமும்

வீட்டில் சீட்டு என்றாலே முகம் சுளிப்பார்கள். அவர்களுக்கு ஒரு செய்தி: 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் பிரிட்ஜ் ஆண்கள் ஜோடிப் பிரிவில் இந்தியாவின் பிரணாப் பர்தனும் சிப்நாத் சர்க்காரும் தங்கம் வாங்கினார்கள். ஒருவருக்கு வயது 60, இன்னொருவருக்கு 56.

ஆனால் எச்சரிக்கையும் வேண்டும். பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடை செய்யும் மத்தியச் சட்டம் 2025 ஆகஸ்ட்டில் வந்துவிட்டது. பிரிட்ஜ் ஆடிப் பணம் ஜெயிக்கலாம் என்று எந்தச் செயலி கூப்பிட்டாலும் அந்தப் பக்கம் போக வேண்டாம். ஆடும் வசதிக்குச் சந்தா கட்டுவது வேறு, பந்தயம் கட்டுவது வேறு.

கள்ளத்தைப் பொறுத்தவரை, ஆன்லைனில் அது சுலபம். இன்னொரு கணக்கில் நுழைந்து வேடிக்கை பார்ப்பதுபோல எல்லாக் கையையும் பார்த்துவிடலாம். உலக அளவில் பெயர் வாங்கிய ஆட்டக்காரர்களே 2020இல் இப்படிச் செய்ததை ஒப்புக்கொண்டார்கள். நண்பர்கள் ஆட்டத்தில் வேடிக்கை பார்ப்பதை மூடிவைத்தால் போதும். பெரும்பாலான கசப்பு கள்ளத்தால் வருவதில்லை, வாயால் வருகிறது. நாங்கள் பிபிஓவில் ஆடிக்கொண்டே வாட்ஸ்அப் குழு அழைப்பில் பேசுகிறோம். ஏலம் தொடங்கியதும் மைக்கை அணைத்துவிடுவோம், ஆட்டம் முடிந்ததும் போடுவோம். "ஐயோ" என்று ஒரு பெருமூச்சு விட்டாலே எதிரே இருப்பவருக்குக் கையில் ராணி இல்லை என்று தெரிந்துவிடும்.

கரண்ட் போனால்

இதை முதல் நாளே நாலு பேரும் பேசி வைத்துவிடுங்கள். எங்கள் ஏற்பாடு: ஒருவர் காணாமல் போனால் ஐந்து நிமிடம் காத்திருப்போம். அவர் போன் டேட்டாவில் திரும்பி வரப் பார்க்க வேண்டும். அதற்குள் வரவில்லை என்றால் அந்த ஆட்டத்தைக் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிட்டு, மீதிப் பேர் அரட்டை அடிப்போம். அவர் இடத்தில் ரோபோவை உட்கார வைப்பதில்லை. போன வியாழன் வெலிங்டன் அண்ணா இஸ்பேடில் நாலு கேட்ட கையோடு இருட்டில் மறைந்தார். அரை மணி நேரம் கழித்து மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் போன் செய்து கேட்ட முதல் கேள்வி, அந்தப் பத்துப் பிடி வந்திருக்குமா என்பதுதான். நாங்கள் மூன்று பேரும் ஒருவருக்கொருவர் கையைக் காட்டி ஏற்கெனவே பார்த்திருந்தோம். ஒன்பதுதான் வந்திருக்கும். சொல்லவில்லை.